ஒப்புக்கொண்ட கூலி

இருவர் மனமொப்பிச் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தத்தில் மூன்றாமவருக்கு என்ன வேலை? வேலை கொடுப்பவர் ஒரு தொகையைச் சொல்கிறார். வேலை செய்பவர் தலையசைக்கிறார். யாரும் வாளைக் காட்டி மிரட்டவில்லை. கையைப் பிடித்து இழுத்து வரவுமில்லை. கொடுக்கல் வாங்கலுக்கு இரு தரப்புச் சம்மதமே அடிப்படை என்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த நெறி. அவ்வாறிருக்க, அந்தச் சம்மதத்திற்குப் பின்னரும் அரசு குறுக்கிட்டு, இதற்குக் குறைவான தொகைக்கு நீங்கள் இருவரும் உடன்பட்டாலும் அந்த உடன்பாடு செல்லாது என்று சட்டம் இயற்றுவது எங்ஙனம் நியாயமாகும்?

இது விதண்டாவாதம் அன்று. கற்றறிந்த நீதிபதிகள் இக்கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். முதலாளிகள் கேட்டிருக்கிறார்கள். சில வேளைகளில் தொழிலாளர்களே கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம். குறைந்தபட்ச ஊதியச் சட்டங்களைப் பற்றிப் பேசும்போது, தொகை எவ்வளவு, அது போதுமா போதாதா என்றே பெரும்பாலும் பேசுகிறோம். தொகைக்கு முன்னால் நிற்கும் கேள்வி வேறு. ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்ற ஒரே காரணத்தால் ஒரு கூலி நியாயமான கூலி ஆகிவிடுமா?

*

முதலில் சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பிறந்தது. எல்லாத் தொழில்களுக்கும் ஒரே கூலியை அது விதிக்கவில்லை. சங்கம் அமைத்துப் பேரம் பேசும் வலுவில்லாத தொழிலாளர் மிகுந்த தொழில்களை ஓர் அட்டவணையில் தொகுத்து, அவற்றுக்குரிய கூலியை நிர்ணயிக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் மாநில அரசுகளிடம் ஒப்படைத்தது. மாநில அரசு இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றலாம். முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமர, எத்தரப்பையும் சாராத சிலரும் சேர்ந்த ஒரு குழுவை அமைத்து அதன் ஆலோசனையைப் பெறலாம். அல்லது, தான் கருதும் தொகையை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டறிந்து, பின்னர் முடிவு செய்யலாம். ஐந்தாண்டுகளுக்கு மிகாத இடைவெளியில் அத்தொகை மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும்.

அந்த முதல் அட்டவணையைப் புரட்டிப் பார்ப்போருக்கு ஒன்று புலப்படும். அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, தோட்டத் தொழில், கல்லுடைத்தல், சாலை போடுதல் ஆகியவற்றோடு, பீடி உள்ளிட்ட புகையிலைத் தொழிலும் தோல் பதனிடும் தொழிலும் அதில் இடம் பெற்றிருந்தன. பீடியும் தோலும் தமிழ் முஸ்லிம்களுக்கு அந்நியமான தொழில்களா? ஆம்பூர், வாணியம்பாடி என்றவுடன் தோல் நினைவுக்கு வருகிறது; மேலப்பாளையம் என்றவுடன் பீடி நினைவுக்கு வருகிறது. இத்தொழில்களில் கூலி கொடுக்கும் கையும் நம்முடையதாக இருந்திருக்கிறது. கூலி வாங்கும் கையும் நம்முடையதாக இருந்திருக்கிறது. ஆகவே, யாரோ இரு சாராரின் வழக்கு இது என்று நாம் தள்ளி நின்று தீர்ப்புச் சொல்ல இயலாது.

அச்சட்டத்தின் 25-ஆவது பிரிவு நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. குறைந்தபட்ச ஊதியத்தில் தமக்குள்ள உரிமையை முழுமையாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுத்து ஒரு தொழிலாளி செய்துகொள்ளும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்பது அதன் சாரம். எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. சாட்சி வைத்துக் கைநாட்டு இட்டாலும் செல்லாது. 2019-இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. ஆயினும் இவ்விதியின் உட்பொருள் புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவர் தமக்கு உரியதைத் தாமே விட்டுக்கொடுப்பதைச் சட்டம் ஏன் இத்துணைப் பிடிவாதமாகத் தடுக்கிறது?

*

இக்கேள்வி 1950-களில் ஒரு வழக்காகவே உருவெடுத்தது. அஜ்மீர் அப்போது தனி மாநிலம். அங்கே பிஜய்நகரில் ஒரு பஞ்சாலை இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு மாதம் 56 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் என்று அரசு நிர்ணயித்தது. அவ்வளவு கொடுத்து ஆலையை நடத்தக் கட்டுப்படியாகாது என்று நிர்வாகம் 1953-இல் ஆலையை மூடியது. வேலையிழந்த தொழிலாளர்களில் பலர் நிர்வாகத்தை அணுகி, மாதம் 35 ரூபாய்க்கே வேலை செய்ய இசைவதாகவும் ஆலையைத் திறக்குமாறும் கேட்டுக்கொண்டார்கள். நிர்வாகம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. தொழிலாளர்களில் சிலரும் தனியே மனுச் செய்தார்கள். விரும்பிய தொழிலைச் செய்ய அரசியலமைப்பு வழங்கியுள்ள சுதந்திரத்தை இச்சட்டம் பறிக்கிறது என்பதே வாதம்.

வறுமையினாலும் கதியின்மையினாலும் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு இசைந்தாலும், அந்த இசைவு சட்டத்தைத் தளர்த்தக் காரணமாகாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழில் செய்யும் சுதந்திரத்தின்மீது இது ஒரு கட்டுப்பாடுதான். ஆனால் பொது நலனுக்கான நியாயமான கட்டுப்பாடு என்பது நீதிமன்றத்தின் முடிவு.

மாதம் 35 ரூபாய்க்கு வர முன்வந்த அந்தத் தொழிலாளர்களை நாம் இகழ்ந்துவிடலாகாது. உலை ஏறாத வீட்டில், 56 என்பது காகிதத்தில் இருக்கும் எண். 35 என்பது கையில் விழும் பணம். அவர்கள் போட்ட கணக்கு அவரவர் அளவில் சரியானதே. ஆனால் அந்தக் கணக்கு அத்துடன் நிற்பதில்லை. ஒருவர் 35-க்கு வருவாரானால், அவரைவிடப் பசித்த மற்றொருவர் 30-க்கு வருவார். அவருக்குப் பின்னால் 25-க்கு வருபவர் நிற்பார். முதலாமவரின் சம்மதம் அவருடைய கூலியை மட்டுமா குறைத்தது? வரிசையில் நின்ற அனைவருடைய கூலியையும் குறைத்தது; நாளடைவில் அவருடைய சொந்தக் கூலியையும் மேலும் குறைக்கும். தனக்குரியதை விட்டுக்கொடுக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தவருக்குரியதை விட்டுக்கொடுக்கும் உரிமை அவருக்கு ஏது?

*

அஜ்மீரில் எழுந்த இந்த வழக்கு உலகுக்குப் புதிதன்று. அமெரிக்க மாநிலங்கள் இதே பாதையில் ஒரு தலைமுறைக்கு முன்னரே நடந்து, ஒருமுறை தடுக்கி விழுந்தும் எழுந்திருந்தன. அங்கே முதன்முதலாகக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கண்ட மாநிலம் மாசசூசெட்ஸ், ஆண்டு 1912. பெண்களுக்கும் சிறார்க்கும் மட்டுமே பொருந்திய அச்சட்டம், மீறிய முதலாளியைத் தண்டிக்கவில்லை. அவர் பெயரைச் செய்தித்தாளில் வெளியிட்டது. வெட்கம் ஒன்றையே நம்பிய சட்டம் எனலாம். அடுத்த ஆண்டே வாஷிங்டன் உள்ளிட்ட எட்டு மாநிலங்கள் இத்தகைய சட்டங்களை இயற்றின.

தலைநகரப் பகுதிக்கென இயற்றப்பட்ட சட்டத்தை எதிர்த்து ஒரு வழக்கு வந்தது. வழக்குத் தொடுத்தோரில் ஒருவர், ஓட்டல் ஒன்றில் மின்தூக்கியை இயக்கி வந்த 21 வயதுப் பெண். மாதம் 35 டாலரும் இரு வேளை உணவும் அவர் பெற்று வந்தார். சட்டம் கூடுதல் கூலி கேட்டதால் ஓட்டல் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. தமக்குக் கிடைத்த அந்தக் கூலியே தம்மால் பெறக்கூடியவற்றுள் சிறந்தது என்று அவர் முறையிட்டார். 1923-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒப்பந்தச் சுதந்திரத்தின் பெயரால் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து மற்றொரு பெண்ணின் வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. எல்சி பாரிஷ் என்பவர் வாஷிங்டன் மாநிலத்தில் வெனாச்சி என்னும் சிற்றூரின் ஓட்டலில் அறைகளைத் துப்புரவு செய்து வந்தவர். வாரம் 48 மணி நேர வேலைக்கு 14.50 டாலர் என்று மாநிலம் வகுத்திருந்தது. அதைவிடக் குறைவாகவே அவருக்குக் கொடுக்கப்பட்டது, அவரும் வாங்கிக்கொண்டார். வேலை போன பிறகு, குறைந்துபோன மீதித் தொகையைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். வாங்கிக்கொண்டாயே, பிறகென்ன கேள்வி என்பதுதான் எதிர்த்தரப்பின் நிலை. 1937-இல் ஐந்து நீதிபதிகள் அவர் பக்கமும் நால்வர் எதிர்ப்பக்கமும் நின்று, சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தலைமை நீதிபதி ஹ்யூஸ் எடுத்துக்காட்டிய காரணங்களுள் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. வாழப் போதாத கூலி கொடுக்கும்போது அந்தக் குறை மறைந்துவிடுவதில்லை. அது சமுதாயத்தின் தலையில் வந்து விழுகிறது. முதலாளி கொடுக்காமல் விட்டதை ஊரார் நிவாரணமாகக் கொடுக்க நேரிடுகிறது.

ஒரு பெண் 35 டாலர் போதும் என்று வழக்காடினார். மற்றொரு பெண் தாம் முன்பு வாங்கிக்கொண்டது போதாது என்று வழக்காடினார். இருவர் நிலையும் உண்மையில் ஒன்றே. வேலையைக் கையில் வைத்திருப்பவர் முன்னால் இருவரும் மறுக்கும் வலிமையற்று நின்றார்கள். ஒருவர் வேலை போய்விடும் என்று அஞ்சும் நிலையில் பேசினார். மற்றவர் வேலை போனபின் பேசினார்.

*

இங்கேதான் சம்மதம் என்ற சொல்லைப் பகுத்துப் பார்க்க வேண்டும். நம் ஃபிக்ஹு அறிஞர்கள் இதில் நுட்பமான வேறுபாடு கண்டவர்கள். பிறரால் வற்புறுத்தப்பட்டு ஒருவர் செய்யும் விற்பனையை அவர்கள் மெய்யான விற்பனையாகக் கொள்ளவில்லை. வற்புறுத்துவோர் எவரும் இல்லாமல், கடனாலோ பசியாலோ நெருக்குண்டு ஒருவர் தம் பொருளை அடிமாட்டு விலைக்கு விற்கிறார் என்றால், அது வேறு நிலை. அந்த விற்பனை செல்லும் என்று கொண்டவர்களிலும் பலர், அந்த நெருக்கடியைப் பயன்படுத்தி வாங்குவதை வெறுக்கத்தக்கது என்றே கருதினார்கள். கத்தியின் முனையில் வரும் சம்மதத்துக்கும் மனம் நிறைந்து வரும் சம்மதத்துக்கும் இடையே மூன்றாவதாக ஒரு சம்மதம் உண்டு; அதை நாக்கு சொல்கிறது, வயிறு சொல்ல வைக்கிறது.

பொருளை விற்பவருக்காவது ஒரு வசதி உண்டு. விலை படியாவிட்டால் நாளைக்கு விற்கலாம். உழைப்பை விற்பவருக்கு அதுவும் இல்லை. இன்றைய நாளின் உழைப்பு இன்று விலைபோகாவிட்டால், அதை மூட்டை கட்டி நாளைக்கு எடுத்து வைக்க இயலாது. காத்திருக்கக் கூடியவருக்கும் காத்திருக்க இயலாதவருக்கும் நடக்கும் பேரம் சமமான பேரம் ஆகாது.

1982-இல் நம் உச்ச நீதிமன்றம் இந்த மூன்றாவது சம்மதத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயர் கண்டது. தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக நடந்த கட்டுமானப் பணிகளில் நாளொன்றுக்கு 9.25 ரூபாய் குறைந்தபட்சக் கூலி. ஆள் சேர்த்துக் கொடுத்த ஜமேதார்கள் தலைக்கு ஒரு ரூபாயைத் தரகாக எடுத்துக்கொண்டமையால் தொழிலாளியின் கையில் 8.25 ரூபாயே சேர்ந்தது. மனித உரிமை அமைப்பு ஒன்று இதைக் கடிதமாக எழுத, நீதிபதி பகவதி அதையே மனுவாக ஏற்றார். கட்டாய உழைப்பைத் தடை செய்யும் அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவுக்கு அத்தீர்ப்பு புதிய விரிவு தந்தது. அடித்து வேலை வாங்குவது மட்டுமே கட்டாயம் அன்று; வேறு வழியே இல்லாத வறுமையும் கட்டாயமே. ஆகவே குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கப்படும் உழைப்பு, கட்டாய உழைப்பே ஆகும் என்று நீதிமன்றம் கூறியது. ஒரே ஒரு ரூபாய்க் குறைவுதான். அந்த ஒரு ரூபாயிலிருந்து நீதிமன்றம் அடிமைத்தனம் வரை எண்ணிப் பார்த்தது.

ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர், 1377-இல், இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வை எழுதியபோது இதையொத்த கருத்தை வேறு திசையிலிருந்து அடைந்தார். அவர் பேசியது ஆட்சியாளர்களின் கொடுமையைப் பற்றி. உழைப்பாளிகளின் உழைப்புத்தான் அவர்களுடைய செல்வம். ஈடு கொடாமல் அதை வாங்குவது அவர்கள் செல்வத்தைப் பறிப்பதற்கு ஒப்பாகும். அத்தகைய அநீதி பெருகினால் உழைக்கும் ஊக்கம் செத்து நாடே பாழாகும் என்பது அவர் காட்டிய விளைவு. ஒருவருடைய வயலைப் பறித்தால் அது திருட்டு என்று உடனே அறிகிறோம். அவருடைய நாளைப் பறித்தால் ஏனோ நம் கண்ணுக்கு அது தென்படுவதில்லை.

*

சரி, ‘குறைந்தபட்சம்’ என்பது எதற்குக் குறைந்தபட்சம்? இதற்கு 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஓர் அளவுகோல் வகுத்தது. தொழிலாளி, மனைவி, இரு குழந்தைகள் கொண்ட குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கணக்கிட்டார்கள். அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. குடியிருக்க ஓர் இடத்தின் வாடகை. எரிபொருள், விளக்கு முதலிய சில்லறைச் செலவுகளுக்கு மொத்த ஊதியத்தில் 20 விழுக்காடு. இத்துடன் முடிந்தது. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு அதில் இல்லை. காய்ச்சல் வந்தால் மருந்து அதில் இல்லை. பெருநாள் இல்லை, திருமணம் இல்லை, முதுமை இல்லை. 1991-இல்தான் உச்ச நீதிமன்றம், இவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்கப்பட வேண்டும் என்று கூறியது. உண்டு, உடுத்தி, மறுநாள் வேலைக்கு வரும் நிலையில் ஓர் உடம்பை வைத்திருப்பது ஒன்று. மனிதராக வாழ்வது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே இருந்த தூரத்தைக் கடக்க நம் சட்டச் சிந்தனைக்கு 34 ஆண்டுகள் ஆயின.

அளவுகோல் வேறு, அரசிதழில் வரும் தொகை வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். அளவுகோலின்படி கணக்கிட்டால் வரும் தொகையை எல்லா மாநிலங்களும் எல்லாத் தொழில்களுக்கும் கொடுத்துவிட்டதாக எவரும் கருத வேண்டாம்.

*

எதிர்வாதத்தை நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். கூலியை உயர்த்தினால் வேலை போய்விடும். இல்லாத 56 ரூபாயைவிட இருக்கும் 35 ரூபாய் மேல் என்பது அந்த வாதம். இதில் உண்மையின் கூறு உண்டு. பீடித் தொழிலிலேயே அது நிகழ்ந்தது. பீடித் தொழிலாளர்களுக்கென 1966-இல் தனிச் சட்டம் வந்தது. கேரளம் அதை 1968-இல் நடைமுறைப்படுத்தியபோது, பெரும் பீடி நிறுவனம் ஒன்று கண்ணூர் வட்டாரத்திலிருந்து தன் தொழிலைச் சுருட்டிக்கொண்டது. பல்லாயிரம் குடும்பங்கள் ஒரே நாளில் வேலையிழந்தன. சட்டத்தின் பலன் இதுதானா என்று அன்று பலர் கேட்டிருப்பார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மாநில அரசின் துணையோடு 1969-இல் அத்தொழிலாளர்களே கூட்டுறவு அமைத்தார்கள். அதுவே தினேஷ் பீடி. சட்டம் சொன்ன கூலியைக் கொடுத்தும் அது தழைத்து, பல பத்தாண்டுகள் நடைபோட்டது. பீடியின் சந்தை சுருங்கியபோது உணவுப் பொருள், குடை எனப் பிற தொழில்களிலும் கால் வைத்தது. சட்டப்படி கூலி கொடுத்தால் பீடித் தொழிலே நடவாது என்ற வாதம், அதே ஊரில் அதே கைகளால் பொய்யாக்கப்பட்டது.

அமெரிக்காவிலிருந்தும் ஒரு சான்று உண்டு. 1992 ஏப்ரலில் நியூஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலராக இருந்த குறைந்தபட்சக் கூலியை 5.05 ஆக உயர்த்தியது. அண்டை மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்னும் பொருளியலறிஞர்கள் இரு மாநிலங்களிலும் ஏறத்தாழ 400 துரித உணவகங்களை ஆராய்ந்தார்கள். கூலி உயர்ந்த நியூஜெர்சியில் வேலை குறைந்ததற்குச் சான்று இல்லை என்று 1994-இல் வெளியிட்டார்கள். கார்டு 2021-இல் நோபல் பரிசு பெற்றார். இதனால் விவாதம் தீர்ந்துவிடவில்லை. எவ்வளவு உயர்த்தினாலும் கேடில்லை என்றும் இது சொல்லவில்லை. உயர்த்தினால் வேலை போயே தீரும் என்பதை இயற்கை விதிபோல் ஓதுவது தவறு என்பதை மட்டும் இது காட்டியது.

ஆயினும் மாநில எல்லை ஒரு மெய்யான சிக்கலே. ஒரு மாநிலம் உயர்த்த, அடுத்த மாநிலம் உயர்த்தாதிருந்தால், எளிதில் இடம்பெயரும் தொழில் எல்லை தாண்டும். அமெரிக்காவில் 2009 முதல் நாடு முழுமைக்குமான அளவு மணிக்கு 7.25 டாலராகவே இருக்க, வாஷிங்டன் மாநிலத்தின் அளவு 2025-இல் 16.66 டாலராக இருந்தது. நம் நாட்டில் 1996 முதல் தேசிய அடிமட்ட ஊதியம் ஒன்று அறிவிக்கப்பட்டு வந்தது; தொடக்கத்தில் நாளொன்றுக்கு 35 ரூபாய். அது மாநிலங்களுக்கு ஓர் ஆலோசனையே தவிரக் கட்டளையன்று. புதிய சட்டத் தொகுப்போ அந்த அடிமட்டத்தைச் சட்டமாக்கி, அதற்குக் கீழே எந்த மாநிலமும் இறங்கக் கூடாது என்கிறது. அந்தத் தொகை தாழ்வாக வைக்கப்பட்டால் விதி இருந்தும் பயன் சிறிதே.

‘கொடுக்க இயலாது’ என்ற முறையீட்டுக்கும் நீதிமன்றம் விடை கூறியிருக்கிறது. கேரளத்தின் ஓட்டுத் தொழில் பற்றிய வழக்கில், 1961-இல், குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கையில் முதலாளியின் சக்தியைக் கருத வேண்டியதில்லை என்றது. கடுமையாகத் தோன்றலாம். எண்ணிப் பார்த்தால், தொழிலாளியின் பிள்ளையைப் பட்டினி போட்டால்தான் ஒரு தொழில் பிழைக்கும் என்றால், அத்தொழிலுக்கு முதல் போட்டவர் முதலாளி மட்டும் அல்லர், அந்தப் பிள்ளையும்தான். பங்கு கேட்காத பங்காளி.

*

இதுவரை சட்டத்தின் பக்கம் நின்று பேசினோம். சட்டத்தின் கண் எட்டாத இடங்களும் உள. பீடி சுற்றும் பெண்ணின் வீட்டுத் திண்ணை அவற்றுள் ஒன்று.

அவளுக்கு நாட்கூலி இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கணக்கு. இலையும் தூளும் நூலும் கடையிலிருந்து வருகின்றன. கொடுத்த இலையில் ஓட்டையும் சருகும் மிகுந்திருந்தால் ஆயிரம் தேறாது. குறைந்த இலையைத் தன் காசில் வாங்கி ஈடு செய்ய நேரிடும். சுற்றிக் கொண்டுபோன பீடியில் கழிவு என்று தள்ளப்படுவது உண்டு. அது எத்தனை என்பதை முடிவு செய்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும் தரகர். இவை யாவும் சட்டத்துக்குத் தெரியாதவை அல்ல. வீட்டிலிருந்து பீடி சுற்றுபவரும் தொழிலாளியே என்று 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. இலை, கழிவு பற்றிய தகராறுகளைத் தீர்க்க வழியும் சொன்னது. 1974-இல் உச்ச நீதிமன்றமும் அச்சட்டத்தை உறுதி செய்தது. ஆனால் ஆயிரம் பீடியை எத்தனை கைகள் சுற்றின என்று எந்தப் பதிவேடும் சொல்வதில்லை. முறத்தின் ஒரு பக்கம் தாய். மறுபக்கம் மூத்த மகள். பள்ளிவிட்டு வந்த சின்னவள் இலை நறுக்குகிறாள் அல்லது பீடியின் வாய் மடக்குகிறாள். புத்தகத்தில் ஒரு பெயர். அந்தப் பெயருக்கு எதிரே சட்டப்படியான கூலி. மூன்று பேராகப் பகுத்துப் பார்த்தால் அது சட்டப்படியான கூலி ஆகுமா? கணக்கும் சரி, கையெழுத்தும் சரி. அநீதி அந்தச் சரியான கணக்குக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கிறது.

பீடித் தொழில் நமக்கில்லை என்று ஒருவர் சொல்லலாம். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கு நாம் கொடுப்பதை எப்படி நிர்ணயித்தோம்? அடுத்த வீட்டில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டோம்; அதையே கொடுத்தோம். அடுத்த வீட்டார் அதற்கடுத்த வீட்டைக் கேட்டிருப்பார்கள். தெரு முழுவதும் கேட்டுப் பார்த்தாலும், அவள் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஊர்க்கூலி என்பது பல நேரங்களில் ஊர் கூடி ஒப்புக்கொண்ட குறைவே ஆகும்.

ரமலானில் நாம் அவளை மறப்பதில்லை. புடவை கொடுக்கிறோம், அரிசி கொடுக்கிறோம், ஸதக்காவாகச் சிறு தொகையும் கொடுத்து அவள் துஆவைக் கேட்டு மகிழ்கிறோம். நல்ல செயல்தான். ஆனால் பதினொரு மாதங்களாக நாளுக்கு இவ்வளவு என்று அவளுக்குக் குறைந்துபோன கூலியைக் கூட்டிப் பார்த்தால், அந்தப் புடவையின் விலை அதில் அடங்கிவிடுமோ? அடங்குமாயின் நாம் கொடுத்தது தர்மம் அன்று. கடனில் ஒரு பகுதி. கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது தலை நிமிர்ந்து நிற்க வேண்டியவள் அவள்; குனிந்து நன்றி சொல்ல நேர்வது அவளுடைய ஹக்கை இருமுறை குறைப்பதாகும். தர்மம் செய்பவர்களாக இருப்பது நமக்கு இனிக்கிறது. கடனாளிகளாக இருப்பது கசக்கிறது. கூலியைக் குறைத்துத் தர்மத்தைக் கூட்டும் வழக்கம் நம்மிடையே நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

*

தொடங்கிய கேள்விக்கு வருவோம். ஒப்புக்கொண்ட கூலி நியாயமான கூலி ஆகுமா? மறுக்கக் கூடிய நிலையில் இருந்தவர் ஒப்புக்கொண்டால் ஆகலாம். மறுக்க இயலாதவர் ஒப்புக்கொண்டால், அந்தச் சம்மதம் அவருடைய நிலையைக் காட்டுகிறதேயன்றிக் கூலியின் நியாயத்தைக் காட்டுவதில்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் தொழிலாளிக்குக் கொடுக்கும் மெய்யான பொருள் அரசிதழில் அச்சாகும் தொகை மட்டும் அன்று. பேரம் பேச வலுவில்லாத ஒருவருக்காகச் சமுதாயம் முன்கூட்டியே பேரம் பேசிவைக்கிறது. இதற்குக் கீழே போக உன் பசியும் எனக்கு அனுமதி தராது என்று வாங்குபவரைச் சொல்ல வைக்கிறது.

அரசிதழின் தொகைக்கு மேலே கொடுக்கச் சட்டம் யாரையும் தடுக்கவில்லை. ஆய்வாளர் வராத வீட்டிலும், பதிவேடு இல்லாத வேலையிலும், கூலியை முடிவு செய்யும் வேளையில் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி மீதமிருக்கிறது. இவர் ‘மாட்டேன்’ என்று சொல்லக் கூடியவராக இருந்திருந்தால், இந்தத் தொகையைச் சொல்ல எனக்கு நா எழுந்திருக்குமா? எழுந்திருக்காது என்றால், அவர் தலையசைத்துவிட்டார் என்பது நமக்கு விடுதலை ஆகாது. மீதித் தொகை நம் கணக்கில் நிற்கிறது. அதை இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது.